மாமனாரின் பல்லைப் பிடுங்கிய ஆப்பிள்

படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று நினைக்கும் புது மருமகளைப் போல ஆபத்தான பிறவி வேறில்லை. நான் கும்பகோணத்தில் மனையியல் படித்துவிட்டு, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். (படித்தது ஒரு வருடம்தான். வாய் மட்டும் பட்டதாரி.)

அது எழுபதுகள். சென்னையில் நிலத்துக்கும் கூலிக்கும் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அறுப்புக் கூலி மட்டும் முடிவாகவில்லை. சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அரிவாளைத் தொடமாட்டோம் என்றார்கள் செங்கொடிச் சங்கத்து ஆட்கள். ஒரு மரக்கால் நெல்கூட ஏற்றித் தரமாட்டேன் என்றார் மாமனார். ஒரு மழை பெய்தால் இரண்டு தரப்புக்கும் மிச்சம் வைக்கோல்தான்.

கடைசியில் எங்கள் வீட்டு வாசலில் எதிரெதிரே பெஞ்சு போட்டுப் பேசுவது என்றானது. வருகிறவர்கள் கையில் ஏதாவது கொடுத்தால் மனசு இளகும் என்று எனக்குத் தோன்றியது. எப்போதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன்: குச்சியில் செருகிய ஆப்பிள், மேலே கண்ணாடி மாதிரி சிவப்புப் பாகு. சர்க்கரை எப்படிக் கண்ணாடியாகும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கணவரை அனுப்பித் தஞ்சாவூரிலிருந்து ஆப்பிள் வரவழைத்தேன். (எங்கள் ஊரில் அது ஆஸ்பத்திரிக்கு வாங்கிப்போகும் பழம். கூடையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "யாருக்கு உடம்பு முடியல?" என்றாள்.) கம்பிப் பதம் தாண்டி, தண்ணீரில் விட்டால் சடக்கென்று உடையும்வரை பாகைக் காய்ச்சினேன். கேசரிப் பவுடர் கலந்து ஆப்பிளை முக்கி எடுத்தேன். மினுமினுவென்று ஆறியது. தட்டிப் பார்த்தேன், டங் என்றது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கண்ணாடித் தாளில் சுற்றி, வீட்டில் கிடந்த கறுப்பு ரிப்பனைக் கட்டினேன்.

"என்னம்மா இது, கறுப்பு சிவப்பா? கட்சி மாநாடா நடக்குது?" என்றார் மாமனார்.

ரிப்பனை அவிழ்த்தேன்.

"இப்ப சங்கத்துக் கொடியாட்டம் இருக்கு!"

பேச்சு சூடேறிக் கத்தலாக மாறிய நேரத்தில் தாம்பாளத்தோடு போய் நின்றேன். எல்லோரும் குச்சியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தாள் வேறு பாகோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சங்கத்துக்காகப் பேச வந்த அஞ்சலை கேட்டாள்:

"இத நக்குறதா, கடிக்கிறதாம்மா?"

"கடிக்கணும்" என்றேன், நிபுணர் தோரணையில்.

"அப்ப மொதல்ல ஐயா கடிக்கட்டும்."

ஊர் பார்க்கிறது. மாமனார் தாளைக் கிழித்துவிட்டு ஓங்கிக் கடித்தார். இழுத்தார். ஆப்பிள் வந்தது, புதிதாகக் கட்டியிருந்த மேல்வரிசைப் பல் செட்டும் அதோடு வந்தது.

அவமானத்தில் அவர் கத்தினார். "கூலி ஏத்த முடியாது" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தது, "ஹூயி ஏஹ்ஹ ஹுயியாஹு!"

"ஐயா என்னங்க சொல்றாங்க?" என்றாள் அஞ்சலை.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். தினமும் வயலைப் பார்த்துவிட்டு வந்து பெருமூச்சு விடுகிறவர். நாலு பேர் முன்னால் வாய் திறந்தே அறியாதவர். நிலைப்படியைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னார்:

"சரிங்கிறாங்க."

மாமனார் பதறி, ஆப்பிளை இப்படியும் அப்படியும் ஆட்டி மறுத்தார். அதில் ஒட்டியிருந்த பல்வரிசை எல்லோரையும் பார்த்து இளித்தது.

"பாருங்க, சிரிக்கவும் செய்றாங்க!" என்று எழுந்துவிட்டாள் அஞ்சலை.

வெந்நீரில் ஊறவைத்துப் பல்லை நான் மீட்டபோது வாசல் காலியாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் அறுப்பு தொடங்கிவிட்டது. பேச்சை மாற்றினால் பல் கதையும் சேர்ந்து கிளம்பும் என்பதால் மாமனார் மறுக்கவில்லை. அறுப்பு முடியும்வரை என்னோடு பேசவும் இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் உளறினாலும், போனில் குரல் விட்டு விட்டுக் கேட்டாலும், அதற்கு ஒரே பொருள்தான். போன மாதம் பல் டாக்டரிடம் என் பேத்தி வாயில் பஞ்சோடு "ஏனாம், ஏனாம்!" என்று அலறினாள். டாக்டர் தயங்கி என் மகளைப் பார்த்தார்.

"சரிங்கிறா டாக்டர், பிடுங்குங்க" என்றாள் அவள்.