நாலாவது தொட்டி

குதிரைக்கு வைத்த தண்ணீரை முதலில் தான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவருக்கு வாப்பா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மாம்புரியில் எல்லோருக்கும் அவர் தொட்டி நானா.

சண்டை முடிந்த பிறகு எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் பறந்தார்கள். அதை வேடிக்கை பார்த்து ஒரு பாத்தி மிளகாயைக் காயவிட்டேன், அது வேறு கதை. அவர்களை ஏற்றி நடத்த ஒரு ஹோட்டல்காரர் மூன்று குதிரைகளைக் கொண்டுவந்து, நான் காவல் பார்த்த தென்னந்தோட்டத்தில் விட்டார். தண்ணீர் வைக்க வந்தவர்தான் நானா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தவர், மேசன்.

முதல் நாள் ஒரு தகரத் தொட்டியைக் காட்டினேன். இடுப்பில் கட்டியிருந்த சாரன் நுனியை விளிம்பில் வைத்து ஒரு சுற்று இழுத்தார். நூல் மாட்டியது.

"தள்ளுங்க மச்சான். சாரனப் புடிக்கிறது உதட்டப் புடிக்காதா?"

அடுத்து ஒரு பீப்பாய். குதிரையின் தலை மாட்டுமா என்று பார்க்கத் தன் தலையை உள்ளே விட்டார். மாட்டியது. நான் இடுப்பைப் பிடித்து இழுக்க, உள்ளேயிருந்து குரல் வந்தது: "பாத்தீங்களா? நான் சொன்னன்தானே!"

கடைசியில் அவரே சிமெந்தில் கட்டினார். வட்டம், முழங்கால் உயரம், மூலை கிடையாது. விளிம்பு கன்னம் மாதிரி வழுவழுப்பு. அணில் விழுந்தால் ஏறி வர உள்ளே ஒரு மட்டைத் துண்டு. எல்லாம் சரி, ஆனால் தொட்டி நாலு.

"குதிரை மூணுதானே நானா?"

"எனக்கும் எண்ணத் தெரியும்."

நாலாவது, வேலியோரம் தனியாக இருந்தது. குதிரைகள் அதன் பக்கம் போகவே இல்லை. உச்சி வெயிலில், காற்று நின்று ஓலை அசையாத நேரத்தில், மூன்றும் வரிசையாக நின்று காதை நிமிர்த்தி அதையே பார்க்கும். நான் கரியால் அடையாளம் வைத்துப் பார்த்தேன். தினமும் நாலு விரல் குறைந்தது. கழுதை ஏதும் வேலி தாண்டி வருகிறதோ என்று சுற்றி மணலைப் பெருக்கி வைத்தேன். ஒரு குளம்படி இல்லை. ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. யாரோ உறிஞ்சுகிற சத்தம்.

நானா என் கண்ணைப் பொத்தினார். "குடிக்கக்குள்ள பாக்கப்படாது மச்சான். கூச்சம்."

அன்றைக்குத்தான் சொன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கக்காரர் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்களாம். சாமான் சுமக்கிற அவருடைய கழுதைக்கு, வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் வைத்தார். விளிம்பு உதட்டைக் கிழிக்க அது குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "திரும்பி வந்து வேற ஏனம் வெப்பம்னு போனன். கட்டின கயித்தயும் அவுக்கல்ல."

இந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து புது மேனேஜர் வந்தார். நாலாவது தொட்டியைப் பார்த்து விருந்தாளிகள் பயப்படுகிறார்களாம். நாலையும் உடைத்துவிட்டு, இறால் பண்ணை நீலப் பீப்பாய்களைப் பாதியாக அறுத்து வைக்கச் சொன்னார்.

நானா மூக்கை உள்ளே விட்டார். "மருந்து நாத்தம். இதுல வெச்சா நான் குடிக்க மாட்டன். நான் குடிக்காட்டி அதுகளும் குடிக்கா."

"நீ குடிக்கவா சம்பளம் தாறம்? போ வீட்ட!"

போய்விட்டார். மூன்று தொட்டிகளை உடைத்த ஆள், நாலாவதற்குச் சம்மட்டியை ஓங்கினான். அப்படியே நின்றான். பிறகு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, கூலியும் கேட்காமல் புத்தளம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

குதிரைகள் பீப்பாயில் வாய் வைக்கவில்லை. வாளியில் வைத்தேன், முகர்ந்து தள்ளின. இரண்டாம் நாள் பகல், சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை மணலில் சரிந்து படுத்தது. நாக்கு வெளியே காய்ந்து கிடந்தது. மேனேஜருக்கும் முகம் காய்ந்தது. "இது செத்தா என் கதை முடிஞ்சுது. அந்த மனுசனக் கூட்டி வா!"

சைக்கிளில் ஏற்றி வந்தேன். நானா குதிரையைப் பார்த்தார். நேராக நாலாவது தொட்டிக்குப் போய் நல்ல தண்ணீர் நிரப்பி, எதிரே இருந்த வெறும் வெளியைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ராசா. இதுகளுக்கும் தாகம்."

ஓலை அசையவில்லை. ஆனால் தொட்டிக்கு அப்பால் மணல் மெல்ல அமுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு இடத்தில். நானா பிஸ்மி சொல்லி ஒரு கை அள்ளிக் குடித்தார். பெட்டைக் குதிரை முன்காலை ஊன்றி எழுந்தது, தள்ளாடி வந்தது, மூக்கு வரை முக்கிக் குடித்தது.

மேனேஜர் என் காதில், "யாரோட பேசினார்?" என்றார்.

"உங்களுக்குப் பின்னால நிக்கிறதோட," என்றேன். அதன் பிறகு அவர் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. நானா திரும்பவும் மூன்று தொட்டி கட்டினார்.

இப்போது ஹோட்டல் இல்லை, குதிரைகளும் இல்லை. நானா மௌத்தாகிவிட்டார். நாலாவது தொட்டி மட்டும் இருக்கிறது. தினமும் நான்தான் நிரப்புகிறேன். சாரன் நுனியால் விளிம்பைத் தடவி, முதலில் ஒரு கை குடித்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நிற்பேன். முன்பு நாலு விரல் குறையும். நானா போன நாளிலிருந்து, நான் குடித்தது போக, அதற்கு மேல் இன்னும் ஒரு கை அள்ளிய அளவு குறைகிறது.