மழையை நம்பி வாயைத் திறந்தேன்

யாரை நம்பினாலும் தகரக் கூரை மேல் பெய்யும் மழையை மட்டும் நம்பாதீர்கள். (பட்டவன் சொல்கிறேன்.)

சூரியநெல்லி பக்கம், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரையை எட்டாது. நான் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். அதனால் ரகசியம் பேச, தகரத்தில் இரைகிற மழைக்குக் காத்திருப்பது லயத்து வழக்கம்.

மகன் சதீஷ் பிளஸ் டூ படிக்கும்போது, பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு, "வயசுப் பிள்ளைகளிடம் அந்த விஷயங்களை நீங்கள் பேசாவிட்டால் செல்போன் பேசும்" என்றார்கள். அவனும் அப்போது ஒரு வகுப்புத்தோழியின் பெயரைச் சொன்னாலே சிவந்துகொண்டிருந்தான்.

"நீங்க பேசுறீயளா, இல்ல அவன் கூட்டாளிமாரு பேசட்டுமா?" என்றாள் மனைவி.

என் அப்பா இதைப் பற்றி என்னிடம் பேசிய மொத்தப் பேச்சு, கல்யாணத்தன்று இருமிய ஒரு இருமல். அந்த முதலீட்டில் நான் என்ன வியாபாரம் செய்ய?

ஞாயிறு மதியம். வாரமெல்லாம் ஃபேக்டரியில் நின்ற கால் கெஞ்சியது. மழை பிடித்துக்கொண்டது. மனைவி முறைத்தாள். தப்பிக்க வழியில்லை. மகனை உட்காரவைத்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏலே, எதுக்கும் அவசரப்படாத! அந்தப் புள்ளைக்கு இஷ்டமில்லன்னா கிட்டயே போவாத! பின்னால ஒரு காலத்துல கூட..."

மழை நின்றது. என் வாய் நிற்கவில்லை.

"...காண்டம் இல்லாம கூடாது!"

இடப்பக்கச் சுவருக்கு மேலிருந்து ஸ்டெல்லாவின் குரல்: "ஏண்ணே, நிறுத்தாதீய. எங்க பய ஜெபினும் கேட்டுட்டுத்தான் இருக்கான். அவங்கப்பா இதுக்கும் ஜெபந்தான் பண்ணுவாரு."

வலப்பக்கம் ஜீப் டிரைவர் ஷாஜி: "சேட்டா, கொறச்சூடி உறக்கெ பற. இவிடேம் ஒருத்தனுண்டு!" (இன்னும் சத்தமாகச் சொல்லணுமாம். அவர் வீட்டிலும் ஒருவன் இருக்கிறானாம்.)

சர்ச்சுக்குப் போகிற அப்பாவும் பேசவில்லை, மலையாளத்து அப்பாவும் பேசவில்லை. மூன்று வீட்டுக்கும் சேர்த்து மாட்டியவன் நான்.

சதீஷ் எழுந்து வெளியே போய்விட்டான். இனி இந்த ஜென்மத்தில் என்னிடம் எதுவும் கேட்கமாட்டான் என்று அலுத்துப் படுத்துவிட்டேன். பல நாள் அவன் முகமே கொடுக்கவில்லை.

அடுத்த பெருமழையில் அவனே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா, ஒண்ணு கேக்கட்டா? மெதுவாப் பதில் சொல்லுங்க."

அவன் கேட்டதில் பாதிக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸிடம் இருவரும் சேர்ந்தே போய் அசடு வழிந்தோம்.

இப்போது அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. மனதில் ஏதாவது இருந்தால், போனில் முதலில் ஒன்றுதான் கேட்பான்: "அப்பா, அங்க மழையா?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். லயத்தை விட்டுத் தேயிலைக்குள் இறங்கி நடந்துகொண்டே சொல்வேன்: "கொட்டுதுலே, சொல்லு."