ஒன்றுமில்லையார்

வாசகரே, நீங்கள் கேட்காமலேயே ஒருவர் வந்து "எனக்கு இதுல ஒண்ணுமில்லைங்க" என்று சொன்னால், அவரைக் கொஞ்சம் நிறுத்தி நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் வம்சம் அது. அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் தனி அறை பிடித்து உட்கார்ந்துவிட்டது. மற்றவர்கள் அவரைப் பேராசிரியர் என்கிறார்கள். நான் ஒன்றுமில்லையார் என்கிறேன்.

ஒன்றுமில்லையாரை அவர் அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் ஞாபகசக்தியை வளர்ப்பதாகச் சொல்லிப் பவுடர் விற்கும் கம்பெனி வாங்கித் தந்த நாற்காலியில் சாய்ந்து, அந்தக் கம்பெனியின் காலண்டரில் தேதி பார்த்து, அந்தக் கம்பெனி செலவில் போகப்போகிற வெளிநாட்டு மாநாட்டுக்கு எந்தச் சட்டையை எடுத்துவைப்பது என்று வீட்டுக்காரம்மாவிடம் போனில் கேட்டபடியே, அதே பவுடரைப் பற்றி எழுதிய கட்டுரையின் அடியில் ஒரு வரி தட்டுவார்: ‘இந்த ஆய்வின் முடிவால் ஆசிரியருக்கு எந்த ஆதாயமும் இல்லை.’ துளியும் தயங்க மாட்டார். பொய் என்று தோன்றினால்தானே தயங்குவதற்கு!

ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் இப்படி ஒரு வழக்கம். ஆய்வுக்குப் பணம் யார் கொடுத்தது, முடிவு இப்படி வந்தால் லாபம் யாருக்கு என்பதையெல்லாம் எழுதியவரே கட்டுரையின் கடைசியில் சொல்லிவிட வேண்டும். யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. பூனையைக் கூப்பிட்டு, "பாலைக் குடிச்சீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டு, அது இல்லை என்று தலையாட்டியதும் நன்றி சொல்லி அச்சடிக்கிற ஏற்பாடு.

சக பேராசிரியர் ஒருவர் ஒருநாள் வாயை அடக்க முடியாமல் நாற்காலியைப் பற்றிக் கேட்டேவிட்டார். ஒன்றுமில்லையார் கோபப்படவில்லை, சிரித்தார். "அது என் முதுகுக்குக் குடுத்தது சார். மூளைக்கா குடுத்தாங்க?"

நன்றி மறந்தவர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிடாதீர்கள். கட்டுரை முடிவில் பொறுமை காத்த மனைவிக்கு நன்றி, லிப்ட் ஆபரேட்டருக்கு நன்றி, எழுதும் நேரத்தில் நாயைக் கட்டிப்போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி. பணம் கொடுத்த புண்ணியவான் ஒருவரைத்தான் காணோம்.

ஆனால் அடுத்தவருடைய ஆதாயம் என்று வந்துவிட்டால், அப்பப்பா, அந்த மூக்குக்கு மோப்பம் அபாரம்!

அவரிடம் ஒரு மாணவி இருந்தாள். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தாள். பாதிப் பிள்ளைகளுக்குப் பவுடர் கலந்த பால், மீதிப் பிள்ளைகளுக்கு வெறும் பால். பிறகு எல்லோருடைய ஞாபகத்தையும் சோதித்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியே எழுதினாள். கீழே, ஆய்வுக்குப் பணம் தந்தது பவுடர் கம்பெனி என்றும் எழுதினாள். அந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்குப் பட்டம். ஒன்றுமில்லையார் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்தக் கடைசி வரி எதுக்கும்மா?"

"பணம் குடுத்தது அவங்கதானே சார்?"

"அவங்கதான். அதை எழுதினா படிக்கிறவன் சந்தேகப்படுவான். ஆராய்ச்சி மேலயே நம்பிக்கை போயிடும்."

"ஆனா அது உண்மைதானே சார்?"

"உண்மைங்கறதாலதாம்மா சொல்றேன்."

வரியை அடித்துவிட்டு, வாஞ்சையோடு குடும்பத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். அப்பா என்ன செய்கிறார்? அண்ணன்? சித்தப்பா?

"சித்தப்பா சின்னதா ஒரு பால் கடை வச்சிருக்கார் சார்."

ஒன்றுமில்லையார் எழுந்தே நின்றுவிட்டார். "பால் கடையா! வெறும் பாலே போதும்னு எழுதியிருக்கே, பால் கடையை என்கிட்ட மறைச்சுட்டியேம்மா!"

"பவுடரையும் பால்லதானே சார் கலக்கணும்?"

"எதிர்த்துப் பேசாத. நேர்மைன்னு ஒண்ணு இருக்கு."

நேர்மை காப்பாற்றப்பட்டது. கறை படிந்தவள் என்று கட்டுரையிலிருந்து மாணவியின் பெயரை எடுத்துவிட்டார்கள். பட்டம் தள்ளிப்போயிற்று. அவள் சேர்த்த விவரங்களை எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்ததில், சில பிள்ளைகளிடம் சில நாட்களில் ‘நம்பிக்கையூட்டும் அறிகுறிகள்’ தென்பட்டன. கட்டுரை அவர் பெயரில் மட்டும் வந்தது. அடியில் வழக்கமான அந்த வரி. எனக்கு வயிறு எரிகிறது. எரிந்து என்ன செய்ய? பவுடர் டப்பாவின் மேலே அவர் படம் சிரித்துக்கொண்டிருக்கிறது. ‘ஆதாயம் எதிர்பாராத பேராசிரியரின் ஆய்வு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அந்த டப்பா ஒன்று மாணவியின் வீட்டுக்கும் வந்தது. அக்கா வாங்கிவந்தாள், தன் மகளுக்கு.

"வேணாம்க்கா. வெறும் பாலே போதும். அளந்து பாத்தவ நான்தானே?"

"நீ சும்மா இருடி. சித்தப்பாவுக்கு வியாபாரம் ஆகணும்னா அதை நேரா சொல்லு. உன் பேரை எதுக்கு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? இவரைப் பாரு, தனக்கு எதுவும் வேணாம்னு எழுதியே குடுத்திருக்கார்."

அக்கா இரண்டு ஸ்பூன் தாராளமாகவே போட்டுக் கலக்கினாள்.

அக்காவைத் திட்டலாம் என்று பார்க்கிறீர்களா? பொறுங்கள். ஒளிக்காமல் சொன்னவளைச் சந்தேகப்பட்டு, ஒளித்தவரை நம்புகிற புத்தி அவள் ஒருத்திக்குத்தானா? அந்தப் புத்தியை நம்பிப் பிழைப்பவர் ஒன்றுமில்லையார் மட்டும்தானா? போன மாதம் வாடகை வீடு தேடிய நண்பரிடம், "காத்தோட்டமான வீடுப்பா, விட்டுடாத, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னீர்களே, அந்த வீட்டுக்காரர் உங்கள் மாமனார் என்பதை எப்போது சொன்னீர்கள்? அவர் கேட்கவில்லை, அதனால் நீங்கள் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

சரி. நான் கேட்கிறேன்.