வேகமா, சுழலா, இரண்டு வாளித் தண்ணீரா?

ஒரு பந்துகூட வீசாமல், ஒரு ரன்கூட எடுக்காமல், வெறும் இரண்டு வாளித் தண்ணீரால் டெஸ்ட் மேட்ச் கோப்பையைத் தக்கவைத்த கேப்டன் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று பெயிண்ட் கம்பெனி ஸ்டோர் கீப்பர் சொல்லும்போதெல்லாம், அவருடைய மாமனார் தொண்டையைக் கனைப்பார்.

"ரெண்டு வாளியில மைதானமே குளமாச்சாம். கேக்கிறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுமாம்."

மாமனார்தான் அந்த மேட்சின் அம்பயர். கண்ணாடி கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணைக் கொடுத்ததோ பெயிண்ட் கம்பெனியில். இரண்டு கம்பெனிகளும் அவரைச் சமமாகச் சந்தேகப்பட்டதால், நடுநிலையானவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒருமுறை ஆடும் அந்த இரண்டு நாள் ஆட்டத்தை 'டெஸ்ட்' என்று சொல்லாதவர்களோடு ஸ்டோர் கீப்பர் பேசவே மாட்டார். அந்த வருடம் பத்துப் பேரைச் சுலபமாகப் பொறுக்கிவிட்டார். பதினோராவது இடத்தில்தான் வந்தது வினை. வேகப்பந்து என்றால் முதலாளியின் மருமகன். சுழல் என்றால் மனைவியின் தம்பி.

மருமகனின் வேகமெல்லாம் ஓடி வருவதோடு சரி; அவர் வந்து சேர்வதற்குள் பேட்ஸ்மேன் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். மைத்துனன் வீசும் பந்து திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. அது எந்த வீட்டுக் கூரையில் விழுந்தது என்று ஃபீல்டர்கள்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

உதவி மேலாளர் நாற்காலி காலியாக இருப்பதையும், மருமகன் நல்ல ஃபார்மில் இருப்பதையும் முதலாளி ஒரே மூச்சில் சொன்னார். மனைவி அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை.

"என் தம்பிய விட்டுட்டு டீம் எடுத்தீங்கன்னா, நீங்க மைதானத்துலயே குடித்தனம் நடத்திக்கலாம்."

பழியைப் பிட்ச் மேல் போட்டுவிடலாம் என்று ஸ்டோர் கீப்பருக்குத் தோன்றியது. ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை, புல்லில் கை வைக்காதே என்று மைதானத்து ஆளிடம் சொன்னார். புல் இருந்தால் வேகப்பந்து என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். 'பிட்ச் அப்படி, நான் என்ன செய்ய' என்று வீட்டில் கைவிரித்தார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மைதானத்துக்கே வந்துவிட்டாள். ஒரு மந்தை ஆட்டை மேய்க்கலாம் போலிருந்த புல்லை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெட்டச் சொல்லுங்க," என்றாள்.

அவள் கண்ணெதிரிலேயே வெட்டியாயிற்று. பிட்ச் மாமனாரின் வழுக்கைத் தலைக்குச் சவால் விட்டது. அவள் அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் முதலாளியிடமிருந்து போன். சாயங்காலம் மருமகனோடு பிட்ச் பார்க்க வருகிறாராம்.

வெட்டிய புல்லை ஒட்டவா முடியும்? வேறு யாராவதாக இருந்தால் முதலாளியின் காலில் விழுந்திருப்பார்கள். இவர் பெயிண்ட் ஆள். கிடங்கில் விலைபோகாமல் கிடந்த பச்சை டிஸ்டெம்பரை டின் டின்னாகக் கொண்டுவந்து, பிட்ச் முழுக்க இரண்டு கோட் அடித்துவிட்டார். காரிலிருந்தே பார்த்த முதலாளி, இப்படி ஒரு பச்சையை வாழ்நாளில் கண்டதில்லை என்று பூரித்துப் போனார். மருமகன் இறங்கி மிதிக்கப் போக, ஸ்டோர் கீப்பர் குறுக்கே பாய்ந்தார்.

"வேண்டாம் சார், புல்லு தூங்கற நேரம்."

கார் போனதும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. காலையில் கண்ணாடி கம்பெனிக்காரர்கள் இதைப் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும். இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தார். பச்சை ஏறக்குறையப் போய்விட்டது. சுவரில் பெயிண்ட் காய்ந்ததா என்று பார்க்கிற பழக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். லேசான ஈரம்தான். பதினோராவது ஆளைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீடு போய்ச் சேர்ந்தார்.

காலையில் வந்து பார்த்தால் பிட்ச்சைக் காணோம். அந்த இடத்தில் இளம்பச்சையில் ஒரு குளம் இருந்தது. நடுவில் இரண்டு தவளைகள் ஓப்பனிங் இறங்கியிருந்தன என்று ஸ்டோர் கீப்பர் இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

மாமனார் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். மிகுந்த துக்கத்தோடு, இரண்டு நாளும் ஆட்டம் கிடையாது என்று அறிவித்தார். ஆட்டம் நடக்காவிட்டால் போன வருடம் ஜெயித்தவர்களிடமே கோப்பை இருக்கும் என்பது விதி. போன வருடம் ஜெயித்தது பெயிண்ட் கம்பெனி.

கோப்பை அலமாரியை விட்டு அசையாததில் முதலாளிக்கு மனம் குளிர்ந்துபோய்விட்டது; நாற்காலி ஸ்டோர் கீப்பருக்கு வந்தது. தம்பியை யாரும் ஒதுக்கவில்லை என்பதால் வீட்டில் சாப்பாடும் சூடாக வந்தது.

போன வாரம் மாமனாரின் பிறந்தநாளுக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோது, கதை மறுபடி ஆரம்பித்தது. மாமனார் கனைத்தார். ஸ்டோர் கீப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"குளத்துல எறங்கினவரு நீங்க. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க மாமா. நடந்துச்சா, இல்லையா?"

மாமனார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மனைவியும் மகளும் பேச்சு மும்முரத்தில் இருந்தார்கள். மகன் வாசலில் யாருக்கோ சுழற்பந்து பிடிக்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தான். மாமனார் குரலைத் தாழ்த்தினார்.

"நடந்தது வாஸ்தவம்தான் மாப்பிள்ளை. நீங்க ஊத்தினது ரெண்டே வாளி. அப்புறம் ராத்திரி போய் தண்ணி ஹோஸைத் திறந்து விட்டுட்டு வந்தது நான். இல்லேன்னா என் பையன் பந்து போடறத ரெண்டு நாளு பக்கத்துல நின்னு பாக்கணுமே."