அரைக் கிலோ வாக்கு

லிப்ட் மெக்கானிக் மனைவியிடம் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் மீன்தொட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, இனி இந்த வீட்டு மீன்கள் கடைத் தீவனத்தைத் தொடாது என்று அறிவித்தார்.

"பின்ன என்னத்தைத் தின்னுமாம்?" மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"புழு."

"எங்கேர்ந்து வரும்?"

"நானே வளர்க்கப்போறேன். சோல்ஜர் ஈன்னு ஒண்ணு இருக்கு. அதோட புழு. காய்கறிக் கழிவு போட்டாப் போதும், தின்னு தின்னு கொழுகொழுன்னு ஆயிடும். அதை அப்படியே மீனுக்குப் போடலாம்."

அவள் ஒரு சட்டையை உதறினாள். உதறிய உதறலில் பட்டன் ஒன்று தெறித்து விழுந்தது.

"இங்க பாருங்க. புழு தின்ன மீனை நான் வாயில வைக்க மாட்டேன். ஒரு புழு இந்த வீட்டுக்குள்ள வந்தது தெரிஞ்சாலும் தொட்டி இங்க இருக்காது. அவ்வளவுதான்."

"சரிம்மா," என்றார். பத்தொன்பது வருஷமாக நன்றாகப் பழகிய வார்த்தை.

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முந்நூறு லிட்டர், நீல பிளாஸ்டிக். அதற்கு மேலே சரளைக்கல் நிரப்பிய தட்டில் கீரையும் புதினாவும். ஒரு சின்ன மோட்டார் மீன்தண்ணீரை மேலே ஏற்றும். மீன் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும். சுத்தமான தண்ணீர் திரும்பக் கீழே விழும். ஏற்றி இறக்குகிற வேலை என்பதால் அவருக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. ஒரே மகள் விடுதிக்குப் படிக்கப் போன மாதத்தில்தான் தொட்டி வந்தது. ஆறு மாதத்தில் வீட்டு மீன் சாப்பிடலாம் என்று சொல்லித்தான் மனைவியிடம் பால்கனியை வாங்கினார்.

ஆறு மாதம் எட்டு மாதமானது. மீன் மட்டும் சட்டிக்கு வரவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "இன்னும் குஞ்சும்மா. ஒவ்வொண்ணும் அரைக் கிலோ வரட்டும். நானே பிடிச்சு என் கையாலயே வெட்டித் தரேன்," என்றார். கடைத் தீவனத்தில் அவை கால் கிலோவைத் தாண்டாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

உண்மை என்னவென்றால் அவரால் முடியாது. பகலெல்லாம் லிப்ட் கூண்டுக்கு மேலே இருட்டில் கிரீஸும் கையுமாக நிற்கிற மனிதர். லிப்ட் ஓடினால் அவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது, நின்றால்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து பால்கனிக் கதவைத் திறந்ததும் பன்னிரண்டு மீனும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். இந்த உலகத்தில் அவரைக் கண்டதும் ஓடி வருபவர்கள் அவர்கள் பன்னிரண்டு பேர்தான். கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று பத்தாம் மாடி வரைக்கும் பேர் வைத்திருந்தார். பன்னிரண்டாவது மீன் மொட்டைமாடி. அவர்கள் கொஞ்ச நாளாகச் சோர்ந்து கிடந்தார்கள். கீழ்த்தளம் பேருக்கேற்ற மாதிரி அடியிலேயே கிடந்தது.

எனவே "சரிம்மா" என்று சொன்ன மூன்றாம் நாள், கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒரு தயிர் டப்பாவில் கொடுத்த புழுக்களைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பால்கனி மூலையில் மூடி போட்ட பெட்டி ஒன்று முளைத்தது.

"என்ன இது?"

"உரப்பெட்டி. செடிக்கு."

அவள் மூடியைத் திறக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தாள். உள்ளேயிருந்து சாய்வாக ஒரு பலகை மேலே ஏறி, வெளியே ஒரு வாளிக்கு நேராக முடிந்தது.

"இந்தப் பலகை எதுக்கு?"

"தண்ணி வடியறதுக்கு."

"தண்ணி மேல ஏறி வடியுமா?"

"அது... காத்தோட்டம்."

"ஓ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வளர்ந்த புழு கருத்துப்போய், கூடு கட்டக் காய்ந்த இடம் தேடிக் கிளம்பும். பலகையில் தானே ஏறி வாளியில் தானே விழும். பிடிக்க வேண்டாம், பொறுக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு அவள் பல் தேய்க்கும் நேரம் பார்த்து ஒரு கை அள்ளித் தொட்டியில் போடுவார். தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளும். கொஞ்சத்தை மட்டும் ஈயாகட்டும் என்று விட்டுவைப்பார். அந்த ஈ கடிக்காது, கொட்டாது, சாப்பாட்டில் உட்காராது. வாழ்நாள் முழுக்க ஒரு வாய் சாப்பிடாமல், ஜோடி சேர்ந்து, பெட்டி இடுக்கில் சொருகிய அட்டையில் முட்டையிட்டுச் செத்துப்போகும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அந்த வாழ்க்கை மேல் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

ஆபத்து வராமல் இல்லை. ஒரு காலை, மழை ஈரத்தில் வழி தவறிய புழு ஒன்று கூடத்தில் அவள் செருப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாய்ந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க அது?"

"பேனா மூடி."

"பத்திரமா வச்சுக்குங்க. தொலைஞ்சிடப்போகுது."

அன்று மத்தியானம் வரை அதைப் பையில் வைத்துக்கொண்டே ஏழு மாடி ஏறி இறங்கினார்.

இன்னொரு சங்கடம், புழுவின் பசி. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தோலும் காம்பும் எவ்வளவு வரும்? இந்த இடத்தில்தான் அதிர்ஷ்டம் அவர் பக்கம் திரும்பியது. மனைவி ஒரு பெரிய மளிகைக்கடையில் காய்கறி எடை போடுகிறவள். ஒரு சாயங்காலம் நசுங்கிய பப்பாளிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.

"கடையில தூக்கிக் கொட்டறாங்க. உங்க உரத்துக்கு ஆகுமா?"

"ஆகும்மா! நல்லா ஆகும்!"

மறுநாள் வாழைப்பழம். அதற்கு மறுநாள் பூசணி. பிறகு தினமும் ஒரு பை. பஸ்ஸில் இடித்துப் பிடித்து, கை சிவக்கச் சிவக்க அவள் சுமந்து வருவதைப் பார்க்கும்போது அவருக்குக் குற்ற உணர்ச்சி அரித்தது. இவ்வளவு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று இரண்டு தடவை கண் கலங்கினார். ஆனால் கீழ்த்தளம் மேலே வந்துவிட்டது. மொட்டைமாடி முதுகு அகன்று மினுமினுத்தது. அந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் மறந்தார். தான் கொடுத்த வாக்கையும் சேர்த்து மறந்தார்.

நாலு மாதம் போனது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் தொட்டியருகே வந்து நின்றாள். கையில் ஒரு வலை, ஒரு வாளி, சமையலறைத் தராசு.

"நாளைக்கு எங்க அண்ணன் குடும்பத்தோட சாப்பிட வராங்க. ஏழு பேர்."

"வரட்டுமே. நல்லா..." என்றவர் வலையைப் பார்த்தார். "அதெதுக்கும்மா?"

"மீனுக்கு."

"இன்னும் குஞ்சு—"

அவள் வலையைப் போட்டாள். முதலில் வந்தது மூன்றாம் மாடி. கையில் தூக்கியதுமே, "அறுநூத்தி இருபது," என்றாள். தராசில் வைத்தாள். அறுநூற்று இருபத்தைந்து. அடுத்தது ஐந்தாம் மாடி, அறுநூறு. மொட்டைமாடி எழுநூறைத் தாண்டியது.

"தண்ணியக் குடிச்சு உப்பியிருக்கும்மா!"

"அரைக் கிலோ ஆனதும் உங்க கையாலயே வெட்டித் தரேன்னு யாரு சொன்னது?"

லிப்ட் மெக்கானிக் யோசித்தார். வாளிக்குள் மொட்டைமாடி அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவரிடம் ஒரே ஒரு வழிதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் தொட்டி போய்விடும். போகட்டும், எலக்ட்ரீஷியன் வீட்டில் இடம் இருக்கிறது. ஞாயிறுகளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேரும் உயிரோடு இருப்பார்கள். நாலு மாதக் கௌரவம் பெரிதா, உயிர் பெரிதா? அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் உங்கிட்ட ஒரு பெரிய துரோகம் பண்ணிட்டேன்மா."

"சொல்லுங்க."

"இது அத்தனையும் புழு தின்ன மீன். அது உரப்பெட்டி இல்ல. புழுப்பெட்டி. நாலு மாசமா உன்னை ஏமாத்திட்டேன். நீ வாயில வைக்க முடியாது. உங்க அண்ணனுக்கும் போடக்கூடாது. பாவம்."

கண்ணைத் திறந்தார். அவள் இன்னொரு தடவை வலை வீசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது நாளே தெரியும்," என்றாள். "நீங்க வேலைக்குப் போனதும் மூடியைத் திறந்து பாத்துட்டேன். முதல்ல குமட்டுச்சு. எல்லாத்தையும் கொட்டிடலாம்னுதான் போனேன். அப்புறம் போன்ல வீடியோ பாத்தேன். இந்தப் புழு போட்டா மீன் நாலு மாசத்துல ரெண்டு பங்கு ஆகும்னு ஒருத்தர் சொன்னாரு. அருவருப்பு போயிடுச்சு."

"அப்ப... பப்பாளி?"

"பின்ன, புதினாவுக்கா தினமும் அஞ்சு கிலோ பழம் தூக்கிட்டு வந்தேன்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா உக்காந்து கணக்குப் போட்டிருப்பீங்க. மீன் பெருத்துடும்னு தெரிஞ்சு புழுவைப் பட்டினி போட்டிருப்பீங்க. எனக்குத் தெரியாம செய்யறோம்னு நினைச்சதாலதான் ஒரு நாள் தவறாம ஆறு மணிக்கு எந்திரிச்சு செஞ்சீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவள் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கடையில் வாடிக்கையாளருக்கு எடை சொல்கிற அதே குரல். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

"அஞ்சு போதும் நாளைக்கு," என்று வாளியை அவர் கையில் கொடுத்தாள். "மிச்சம் ஏழு, அடுத்த மாசம் உங்க தங்கச்சி வரும்போது."

மறுநாள் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார் என்பதை இங்கே எழுத வேண்டாம். சமையலறைக் கதவு முக்கால் மணி நேரம் சாத்தியிருந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு வாய்கூடத் தொடுவதில்லை என்ற முடிவோடு, மச்சானுக்கு மரியாதை என்பதற்காக மட்டும் அவரும் உட்கார்ந்தார். மனைவி கேட்காமலே ஒரு நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தாள். எந்த மாடி என்று அடையாளம் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டார். வைத்ததை ஒதுக்கினால் மச்சான் தப்பாக நினைப்பார் என்று ஒரு ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டியது. மச்சான் காரம் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"இப்படி ஒரு ருசியை நான் சாப்பிட்டதே இல்லை மாப்பிள்ளை," என்றார் மச்சான். "என்ன தீவனம் போடறீங்க?"

லிப்ட் மெக்கானிக் தலை குனிந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவி பாத்திரத்தோடு வந்தாள். "ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். யாருக்கு வேணும்?"

எல்லோருக்கும் முன்னால் நீண்டது அவருடைய தட்டு.