நேரா ஆறுக்கு வாம்மா

எனக்கு எதையும் நடுவிலிருந்து சொல்ல வராது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், ஓரேழு ஏழு என்று முதலிலிருந்து பிடித்துக்கொண்டுதான் வருவேன். நடுவில் யாராவது தும்மினால் மறுபடியும் ஓரேழு ஏழு. இந்த மூளையை வைத்துக்கொண்டு நர்சிங் முடித்தேன். அதோடு நிற்காமல் ஜெர்மனியில் வேலை பார்க்கவும் ஆசைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தில் ஜெர்மன் வகுப்பு. "என் பெயர் இது" என்பதைத் தாண்டியிருக்கவில்லை. மற்ற நாட்களில் குயிலாப்பாளையத்தில் ஒரு ஜெர்மன் பெரியவருக்குச் சர்க்கரை ஊசி போடப் போவேன். அவர் கண் ஆபரேஷனுக்குச் சென்னை போனபோது, தன் நாய் ப்ரூனோவை நான்கு நாளைக்குத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் விட்டார். கன்றுக்குட்டி உயரம். ஜெர்மன் தவிர வேறு பாஷை கேட்காது.

ஆறு வார்த்தைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். ஸிட்ஸ் என்றால் உட்காரும். ப்ளாட்ஸ் என்றால் படுக்கும். ப்ளைப் என்றால் அசையாது. கொம் என்றால் வரும். ஐந்தாவது, ஃபாஸ். பாய்ந்து கவ்வும். அதன்கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, "திருடனுக்கு மட்டும்" என்றார். ஆறாவது, அவுஸ். கவ்வியதை விட்டுவிடும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ராகம் போட்டு மனப்பாடம் செய்தேன். (ராகத்தில் சிவப்பு மை ஏது?)

அந்த நான்கு நாளுக்குள்தான் விக்கிரவாண்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஜெர்மனிக்கு அனுப்புவார்களா என்பதுதான் பாக்கி. அதைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா.

"பாஷை தெரியாத ஊருக்குப் போய்க்கினு இன்னாம்மா பண்ணுவ?" என்றார் அவர்.

"அதெல்லாம் பிச்சு உதறும்ங்க. நாயே கேக்குதுன்னா பாத்துக்குங்க" என்று என் அப்பா போய் ப்ரூனோவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். (எல்லாப் பழியும் அப்பாவுக்கே.)

"ஸிட்ஸ்" என்றேன். உட்கார்ந்தது. "ப்ளாட்ஸ்." படுத்தது.

மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "அட, நம்ம ஊரு பொண்ணு சொல்றத கேட்டுக்கினு கீதே!"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ராகம் வந்துவிட்டது. "ப்ளைப், கொம், ஃபாஸ்..."

ப்ரூனோ பாய்ந்தது. அவருடைய வேட்டி நுனி அதன் வாயில். "ஐயையோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆறாவது வார்த்தை எங்கே போனது என்றே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, முதலிலிருந்து.

"ஸிட்ஸ்!" வேட்டியோடு உட்கார்ந்தது. "ப்ளாட்ஸ்!" வேட்டியோடு படுத்தது. இழுத்த இழுப்பில் அவரும் பாதி குனிந்தார். "ப்ளைப்!" இருவருமே அசையவில்லை. "கொம்!" நாய் என்னிடம் வந்தது. வேட்டியும் வந்தது. அவர் வரவில்லை.

பட்டாபட்டி டிராயரோடு நின்றவர், தோளில் கிடந்த துண்டை அவசரமாக இடுப்பில் சுற்றிக்கொண்டு, "நிறுத்தும்மா!" என்று அலறினார். எப்படி நிறுத்துவது? ஆறுக்குப் போக ஐந்தைத் தாண்டித்தானே ஆகவேண்டும்?

"ஃபாஸ்!"

ப்ரூனோ வேட்டியைத் துப்பிவிட்டுத் துண்டைக் கவ்வியது.

"அவுஸ்!" என்று அழுதுகொண்டே கத்தினேன். விட்டது.

என் அம்மா காபித் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். கல்யாணமும் போச்சு, ஜெர்மனியும் போச்சு என்றே நினைத்தேன். அவர் ஈர வேட்டியை எடுத்து, நாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கட்டி முடித்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு ஜல்தியா ஜெர்மனிக்கே போவட்டும்பா. இங்க வச்சிக்கினு யாரு பேஜாரு படறது?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினார்.

கல்யாணம் முடிந்து நாங்கள் ஜெர்மனிக்கு வந்து நான்கு வருஷமாகிறது. இன்றும் வீடியோ காலில் நான் எதையாவது முதலிலிருந்து விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தால், என் மாமனாரின் ஒரு கை தானாக இடுப்புக்குப் போய் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

"நேரா ஆறுக்கு வாம்மா" என்பார்.