சம்பந்தி சொன்ன விடுதிக்கு ரெண்டு நட்சத்திரம்

பாலிகே, தோபா ஏரிக்கரை.
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தம்பி பிரமுஜிக்கு,

அண்ணன் ஹார்தோனோ எழுதிக்கொள்வது. நீயும், உன் வீட்டுக்காரியும், பிள்ளைகளும், பச்சைத் துணி போர்த்திய கூண்டில் இருக்கும் உன் புறாவும் செமாராங் வெயிலில் வாடாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் வர்சி அக்காவும் நலம். கல்யாணப் பெண்ணான மகள் வெனிங் நலத்துக்கும் ஒரு படி மேல். அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கையில் ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். நம் குடும்பக் குழுவில் சம்பந்தி வீட்டார் முப்பத்தேழு பேரைப் போன வாரம் சேர்த்துவிட்டார்கள். இனி அதில் காலை வணக்கமும் பூப்படமும் தவிர எதையும் போட முடியாது. உனக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்தான். ஆனால் போன மாதம் உனக்குத் தனியாக அனுப்புவதாக நினைத்துக்கொண்டு சம்பந்தி மரோலோப்பின் மீசையைப் பற்றி நான் எழுதியது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது உனக்கே தெரியும். ஆகவே கடிதம்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேரோடு வரும்போது எந்த ஹோட்டலில் தங்குவது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். சோலோ சந்தையில் எந்தத் தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லுவேன். ஹோட்டலைப் பற்றி ஜனங்கள் இணையத்தில் எழுதுவது மட்டும் என்ன, அதுவும் தராசுதான். ஐந்து நட்சத்திரம் போட்டவன் ஹோட்டல்காரனின் மைத்துனன். ஒரே நட்சத்திரம் போட்டவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கியவன். இருவரையும் தள்ளிவிடு. நான்கு போட்டுவிட்டு ஒரே ஒரு சின்னக் குறை சொல்கிறானே, அவன்தான் தட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்தவன். இதுதான் என் முறை. இதில் தப்பே கிடையாது. தப்பு எப்படி நடந்தது என்பதை மட்டும் இப்போது சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு இங்கத்திய வழக்கம் தெரியாது, அவளுக்கும் படித்துக்காட்டு. நம்மைப் போன்ற ஜாவாக்காரர் வீட்டுப் பெண்ணை, இந்த ஏரிக்கரையில் வாழும் பாத்தாக் இனத்தார் அப்படியே மருமகளாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஒரு பாத்தாக் குடும்பம் அவளைத் தங்கள் சொந்த மகளாக ஏற்றுக் குலப்பெயர் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை திகோரின் தாய்மாமன் சஹாலா தம்புபோலோன் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவர் எழுந்து நின்று "இவள் என் மகள்" என்று சொன்னால்தான் கல்யாணம். சொல்லாவிட்டால் நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சோலோவுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தத் தாய்மாமன் ஏரிக்கரையில் ஒரு விடுதி வைத்திருக்கிறார். "எல்லாரும் என் மச்சினன் வீட்டுலயே தங்கிக்குங்க" என்று சம்பந்தி சொன்னார். நான் உடனே அதைத் தேடிப் பார்த்தேன். மொத்தம் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள், சராசரி ரெண்டு நட்சத்திரமும் ஒரு கீற்றும். 'தண்ணீர் ஐஸ்.' 'மூன்றாம் அறைக் கதவு சாத்தாது, போன வருஷமே சொன்னேன்.' 'சேவல் விடியுமுன் கூவுகிறது, பிடித்துக் குழம்பு வைக்கவும்.' 'முதலாளி பாடுகிறார், யாராவது நிறுத்துங்கள்.' இப்படிப்பட்ட இடத்தில் வர்சி அக்காவை அவளுடைய மூட்டுவலியோடு எப்படித் தங்க வைப்பது? உங்களுக்கு எதற்குச் சிரமம், நாங்கள் எங்காவது ஒதுங்கிக்கொள்கிறோம் என்று நம் ஊர் வழக்கப்படி இரண்டு தரம் பணிவாகச் சொல்லிவிட்டு, மலைச்சரிவில் நீலக்கூரை போட்ட ஒரு ஹோட்டலைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், தபால் யார் கைக்குப் போகுமோ. ஐந்துக்கு நாலே முக்கால். இருநூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு மனிதர், பேர் போடாதவர், நான்கு நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியிருந்தார்: 'அமைதி. ஏரி தெரிகிறது. காலைச் சாப்பாடு போதும். தலையணை சற்றே தாழ்வு. ஊழியர்கள் அன்பானவர்கள்.' எவ்வளவு அளந்த எழுத்து பார்! இந்த மனிதனைச் சந்தித்தால் கைகுலுக்குவேன் என்று உன் அண்ணியிடம் சொன்னேன்.

புதன்கிழமை வந்து இறங்கினோம். ஏரி தெரியத்தான் செய்தது, குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று கழுத்தை இடதுபக்கம் திருப்பினால். அமைதியும் இருந்தது, அடித்தளத்தில் கரோக்கிப் பாட்டுக்கூடம் திறக்கும் வரை. காலைச் சாப்பாடு போதும் என்று எழுதியவர் தனியாக வந்திருப்பார் போல, நாலு பேருக்கு மூன்று முட்டை வந்தது. ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அந்த இடத்தில் காலண்டரை வைத்து ஒட்டியிருந்தார்கள், அதுவும் முந்தின வருஷத்துக் காலண்டர். குழாயைத் திறந்தால் தண்ணீர் கீழே விழாமல் சுவர்ப்பக்கம் பாய்ந்தது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால் நம் ஆட்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. "நல்ல காத்தோட்டமா இருக்கு, வெனிங் அப்பா" என்றாள் உன் அண்ணி, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. அக்காவோ தலையணையைத் தேடி எடுத்து, "கழுத்துக்கு இதுதான் நல்லதாம்" என்றாள். நானும் பரவாயில்லை பரவாயில்லை என்று தலையாட்டிக்கொண்டு இரண்டு நாளை ஓட்டினேன். என் முறை தோற்றுப்போனதாக நான் நினைக்கவே இல்லை, மலைக்காற்றின் மேல்தான் குற்றம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாய்மாமனே நேரில் வந்துவிட்டார். ஆள் நம் அரிசி மூட்டை தூக்கும் கர்ஜோ அளவுக்கு இருப்பார், குரல் அதைவிடப் பெரிசு. கூடவே திகோரும் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அறைக்குள் வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"லாயே," என்றார். இங்கே ஆம்பளைகள் மச்சான் முறைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "புதன்கிழமை என் பொஞ்சாதி மஞ்சள் மசாலா போட்டுக் கெண்டை மீன் சமைச்சு வெச்சு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. வேணாம்னு ஒருத்தன் சொல்லுவான்னு எங்களுக்குத் தோணவே இல்ல. ஏன் வரல? சொல்லு."

நான் அக்காவின் மூட்டுவலியைச் சொன்னேன். பயணக் களைப்பைச் சொன்னேன். உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்று மூன்றாவதாக ஆரம்பிக்கும்போது வெனிங் குறுக்கே புகுந்தாள்.

"மாமா, அப்பா நட்சத்திரம் பாத்தாரு. உங்க வீட்டுக்கு ரெண்டுதான் இருந்துச்சு."

தம்பி, அந்த நிமிஷம் தரை பிளந்து ஏரிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. திகோர் சுவரைப் பார்த்தான். தாய்மாமன் கையை நீட்டி என் ஃபோனை வாங்கி, தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார்.

"தண்ணி ஐஸ். இது என் தம்பி எழுதினது. கதவு சாத்தல, இது என் தங்கச்சி, உன் சம்பந்தியம்மா. கதவை அப்பவே செஞ்சாச்சு, அவ அழிக்கல. சேவல், இது பக்கத்து வீட்டு மச்சான். பாடறது..." ஃபோனை இன்னும் தள்ளிப் பிடித்தார். "இது என் பொஞ்சாதி."

"சொந்தக்காரங்களா இப்படி எழுதினாங்க?" என்று உன் அண்ணி பயந்துபோய்க் கேட்டாள்.

"வேற யாரு எழுதுவா? நேர்ல சொன்னா நான் கேக்க மாட்டேன். ஊர் உலகம் பாக்கறாப்ல எழுதினா ரோஷம் வந்து செய்வேன். வெளியாளுங்க வந்து தின்னுட்டுத் தூங்கிட்டு அடுத்த வருஷமும் வருவாங்க, அவங்க எதுக்கு எழுதப்போறாங்க?" அப்படியே விரலால் தள்ளி, நீலக்கூரைக்கு வந்த பாராட்டுகளையும் வாசித்தார். "ஊழியர் அன்பு, ஊழியர் அன்பு, ஊழியர் அன்பு. எல்லாம் ஜாவாப் பேரு. இது யாரு, புறாப் படம் போட்டிருக்கான்?"

எழுத்தை மட்டும் அளந்த நான் படத்தைக் கவனிக்கவே இல்லை, உன் அண்ணிதான் எட்டிப் பார்த்தாள். பச்சைத் துணி, நான் வாங்கிக் கொடுத்த பித்தளை மணி, அந்தத் திமிர் பிடித்த புறா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலுவலகக் கூட்டம் என்று நீ இந்தப் பக்கம் வந்துபோனது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அளந்து எழுதிய மகான் நீதானா? எனக்குக் கோபமில்லை, தம்பி. கிளம்பும்போது வரவேற்பு மேசைப் பெண் ஃபோனை நீட்டி "ஐயா, ஒரு வார்த்தை" என்று நின்றிருப்பாள். உனக்கு நாலு நட்சத்திரத்துக்குக் கீழே விரல் இறங்கியிருக்காது. தலையணை என்று ஒரு சொல் சேர்த்தாயே, நம் வம்சத்தில் அதுவே பெரிய கலகம்.

தாய்மாமன் ஃபோனைக் கட்டிலில் வைத்தார். குரல் இறங்கிவிட்டது, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"லாயே, ஒரே ஒரு கேள்வி. இந்த ஹோட்டல் எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்குங்க," என்றேன். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒருவன் ஒலிபெருக்கியில் கத்தத் தொடங்கினான்.

"வேற?"

"ஏரி தெரியுது."

"எங்க?"

"வாளி மேல ஏறினா..."

"நாளைக்கு நான் பெரியவங்க முன்னாடி நின்னு, இது என் மகள்னு சொல்லப்போறேன். அவளைப் பெத்தவன் என் மூஞ்சைப் பாத்து ஒரு உண்மை சொல்ல மாட்டான்னா, நாம ரெண்டு பேரும் ஒரே பொண்ணுக்கு எப்படி அப்பனா இருக்கறது?"

வெனிங் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வந்தபோது பார்த்த அதே முகம். எனக்கு அறுபத்துமூன்று வயதாகிறது, இதுவரை ஒரு சாப்பாட்டுக்கடையில்கூட உப்புக் கம்மி என்று சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மட்டம்!" என்று கத்தினேன். "மகா மட்டம்! குழாய் சுவத்தைக் குளிப்பாட்டுது, ஜன்னலுக்குக் காலண்டர் ஒட்டியிருக்கான், நாலு பேருக்கு மூணு முட்டை, எனக்கு வேணாம்னு நான் விட்டுட்டேன், ரெண்டு நாளாப் பசிக்குதுய்யா எனக்கு!"

அவர் என்னை அப்படியே தூக்கிக்கொண்டார் தம்பி, நிஜமாகவே கால் தரையில் இல்லை. "இப்பத்தான்யா நீ நம்ம ஆளு!" என்று முதுகில் அறைந்ததில் இன்னும் வலிக்கிறது. அரை மணியில் மூட்டை முடிச்சோடு அவர் விடுதியில் இருந்தோம். தண்ணீர் ஐஸ்தான். சேவல் விடியுமுன் கூவத்தான் செய்தது. அவர் பாடத்தான் செய்தார். எழுதியிருந்ததில் ஒரு சொல் பொய்யில்லை, கதவு ஒன்றைத் தவிர. மீன் வந்தது, மலைபோலச் சோறு வந்தது, அக்காவுக்கு மூன்று தலையணை வந்தது. இதையெல்லாம் அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள், அவர்களுக்கு அது தினப்படி சமாசாரம். தராசு சரியாகத்தான் இருந்தது, தட்டில் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்த நான், யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டேன்.

சனிக்கிழமை அவர் எழுந்து நின்றார். வெனிங் தலையில் அரிசி வைத்து, தோளில் நெய்த துணியைப் போர்த்தி, வாயில் மீனை ஊட்டி, "இவ என் மகள்" என்று ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் அழுதேன். உன் அண்ணி அழவில்லை என்று சொல்லுவாள், நம்பாதே. நேற்று மத்தியானம் வெனிங் ஃபோனை எடுத்துப் பன்னிரண்டாவது ஆளாக எழுதினாள். ரெண்டு நட்சத்திரம். 'தண்ணீர் ஐஸ். அப்பா தொண்டை கிழியப் பாடுகிறார். எனக்கு இருக்கிற ரெண்டு அப்பாக்களும் குறட்டை விடுகிறார்கள்.' அதைப் பார்த்தார் பார், மனிதர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க வீடு வீடாகப் போய், "என் மக எழுதினது, என் மக எழுதினது" என்று வாசித்துக் காட்டினார்.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு பேரையும் இங்கேயே கூட்டி வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள். இனி எந்த ஊருக்குப் போவதென்றாலும் என்னைக் கேள், யார் எழுதியது பொய், எது மெய் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். நானும் இனி உள்ளதை உள்ளபடி பேசுகிற ஆள், பழகிக்கொள். உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஆசி. அக்கா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். ஆண்டவர் காவல் இருப்பாராக.

உன் அண்ணன்,
ஹார்தோனோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கதவை இடிக்கிறார்கள். தாய்மாமன்தான். காலையில் நானும் உட்கார்ந்து இரண்டு இடத்துக்கும் எழுதினேன். நீலக்கூரைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். என்ன செய்ய, அக்கா மறந்துவிட்டு வந்த பல்செட்டை அந்த வரவேற்புப் பெண் மழையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஃபோனையும் நீட்டினாள். அதே கையோடு இவருக்கும் எழுதினேன். ரெண்டைத் தொடத்தான் போனேன், சத்தியமாக, விரல் நழுவி ஐந்தில் போய் நின்றது. 'அமைதி. ஏரி தெரிகிறது. ஊழியர்கள் அன்பானவர்கள்.' இப்போது விடுதிச் சராசரி ஏறிவிட்டதாம். வாசலில் நின்று கத்துகிறார்: "யாருய்யா ஊழியர்? என் பொஞ்சாதியா? சொந்தக்காரன்னு நெனைச்சேனே, எவனோ வெளியாள் மாதிரி எழுதி வெச்சிருக்கே!" வெனிங் சிரிக்கிறாள், கதவைத் திறந்துவிடப் போகிறாள். நீ வந்ததும் இங்கே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, தலையணையைப் பற்றியாவது நன்றாகத் திட்டி எழுதி நம் மானத்தைக் காப்பாற்று. புறாப் படத்தை மட்டும் எடுத்துவிடு, அவருக்கு அது இப்போது நன்றாக அடையாளம் தெரியும்.